மனோன்மணீயத்தைப் பல குரல்களில் ஒலிப்பதிவு செய்ய: தன்னார்வக் குழுக்களுக்கான வேலைக் குறிப்புகள்

பேராசிரியர் பெ. சுந்தரம் பிள்ளை 1891-இல் வெளியிட்ட மனோன்மணீயத்தின் முகப்பில் இருக்கும் வாழ்த்துப் பாட்டைத் தமிழ்நாட்டில் பள்ளிக்கூடம் போன அத்தனை பேரும் எழுந்து நின்று பாடியிருக்கிறோம். அந்தப் பாட்டைத் தாண்டி உள்ளே போனால் ஐந்து அங்கம், இருபது களம் கொண்ட முழு நாடகம் ஒன்று இருக்கிறது. பாண்டியன் ஜீவகன், அவன் மகள் மனோன்மணி, அரசனை ஆட்டிவைக்கும் அமைச்சன் குடிலன், திருநெல்வேலிக் கோட்டை, சேர நாட்டோடு வரும் போர், சுந்தர முனிவர் யாருக்கும் தெரியாமல் அமைத்த சுருங்கை (சுரங்க) வழி. கதையின் கருவை லிட்டன் பிரபு எழுதிய ஓர் ஆங்கிலக் கதைப்பாட்டிலிருந்து எடுத்ததாக ஆசிரியரே சொல்லியிருக்கிறார். மேடையில் ஆடுவதற்கென்று இல்லாமல் படிப்பதற்கென்று எழுதிய நாடகம் என்பதால், திரையும் ஒப்பனையும் இல்லாமல் குரலை மட்டும் வைத்துக்கொண்டு இதை முழுமையாகத் தர முடியும். வெவ்வேறு ஊரில் இருக்கும் பதினைந்து பேர், ஆளுக்கொரு பாத்திரத்தைத் தங்கள் வீட்டிலேயே பதிந்து அனுப்ப, ஒருவர் கோத்துக் கொடுத்தால் போதும். பொதுவுடைமை நூல்களை ஒலிநூலாக்கும் லிப்ரிவாக்ஸ் திட்டத்தின் தன்னார்வலர்கள் இப்படித்தான் நாடகங்களைப் பதிந்து பொதுவில் வைக்கிறார்கள்.

இந்த வேலையில் இறங்குகிறவர்கள் முதலில் கேட்கும் கேள்வி, எந்த மைக் வாங்குவது என்பது. முதலில் கேட்க வேண்டியது, எந்தப் பிரதியைப் படிப்பது என்பது. நல்ல வாசிப்புப் பிரதி கையில் இருந்தால் சுமாரான மைக்கோடும் கேட்கத்தக்க பதிவு வரும். பிரதி சரியில்லாவிட்டால் என்ன கருவி வைத்தாலும் கேட்பவருக்கு ஒன்றும் புரியாது. அதனால் இந்தக் குறிப்பில் பாதி, மைக்கைத் தொடுவதற்கு முன்னால் நடக்க வேண்டியதைப் பற்றியது.

உரிமை

ஆசிரியர் மறைந்தது 1897-இல். இந்தியச் சட்டப்படி ஆசிரியர் காலமாகி 60 ஆண்டு கழிந்த நூல் பொதுவுடைமை. மூல நாடகத்தைப் படிக்க யாரிடமும் கேட்க வேண்டியதில்லை. ஆனால் பிற்காலப் பதிப்புகளில் உள்ள பதவுரை, அடிக்குறிப்பு, கதைச் சுருக்கம் ஆகியவை அந்தப் பதிப்பாசிரியருக்கு உரியவை. அவற்றைப் பார்த்துப் பொருள் தெரிந்துகொள்ளலாம், பதிவில் படிக்கக் கூடாது. களத்துக்கு முன்னுரை வேண்டுமென்றால் சொந்தமாக நாலு வரி எழுதிக்கொள்ளுங்கள்.

வாழ்த்துப் பாட்டில் ஒரு சிக்கல் உண்டு. சொற்கள் பொதுவுடைமை, நம் காதில் ஊறிப்போன மெட்டு எம்.எஸ். விசுவநாதன் போட்டது. அந்த மெட்டில் பாடினால் உரிமைக் கேள்வி வரும். தவிர, அரசு விழாக்களில் பாடப்படுவது பாட்டின் ஒரு பகுதிதான். நாடகத்தில் உள்ள பாட்டு அதைவிட நீளம். ஆகவே அச்சில் உள்ளபடி முழுப் பாட்டையும் மெட்டில்லாமல் செய்யுளாக வாசிப்பதுதான் முறை. கேட்பவருக்கு முதல் நிமிடத்திலேயே இது நாடகத்தின் பகுதி என்ற உணர்வும் வந்துவிடும்.

வாசிக்கும் ஒவ்வொருவரிடமும் எழுத்தில் ஒப்புதல் வாங்கிவிடுங்கள். இந்தியச் சட்டத்தில் நிகழ்த்துபவருக்கும் 50 ஆண்டு உரிமை இருக்கிறது. “என் குரல் பதிவைப் பொதுவுடைமையாகத் தருகிறேன், யாரும் எதற்கும் பயன்படுத்தலாம்” என்று ஒரு மின்னஞ்சல் போதும். வேலை முடிந்த பிறகு கேட்கலாம் என்று விட்டால், முகவரி மாறிப்போன ஒரே ஒருவரால் மொத்தப் பதிவும் வெளியிட முடியாமல் நின்றுபோகும்.

வாசிப்புப் பிரதி

தமிழ் நூல்களை இணையத்தில் இலவசமாகத் தரும் மதுரைத் திட்டத்தில் மனோன்மணீயத்தின் மின்னுரை கிடைக்கிறது. தட்டச்சு வேலை பாதி மிச்சம். ஆனாலும் ஒரு பழைய அச்சுப் பிரதியின் நிழற்படிவத்தை எதிரே வைத்து அடி அடியாக ஒப்பிட வேண்டும். ர, ற மாறியிருப்பதும் ஒற்று விழுந்திருப்பதும் மின்னுரைகளில் சாதாரணம். நிழற்படிவத்திலிருந்து எழுத்துணரி (ஓ.சி.ஆர். மென்பொருள்) மூலம் எடுத்த உரையாக இருந்தால் இன்னும் எச்சரிக்கை தேவை. 1978-க்கு முந்தைய அச்சில் ணா, றா, னா, ணை, லை, ளை, னை எல்லாம் பழைய கூட்டு வடிவில் இருக்கும். எழுத்துணரி அவற்றை வேறு எதையோ நினைத்துக்கொள்ளும். காலுக்கும் ரகரத்துக்கும் வேறுபாடு தெரியாமல் குழப்பும்.

அடுத்தது பதம் பிரிப்பது. உழைப்பெல்லாம் இங்கேதான் போக வேண்டும். வாழ்த்துப் பாட்டிலேயே எடுத்துக்காட்டு இருக்கிறது. ‘தெக்கணமு மதிற்சிறந்த’ என்று சீர் பிரித்து அச்சாகியிருப்பதை அப்படியே வாசித்தால் ‘மதிற் சிறந்த’ என்று காதில் விழும். மதிலுக்கு அங்கே வேலையே இல்லை. அது ‘தெக்கணமும் அதில் சிறந்த’. கண்ணால் படிப்பவர் திரும்பிப் பார்த்துத் திருத்திக்கொள்வார், காதால் கேட்பவருக்கு அந்த வசதி கிடையாது. பாடமாக எல்லோருக்கும் தெரிந்த பாட்டிலேயே இந்த நிலை என்றால், ஆயிரக்கணக்கான அடிகள் கொண்ட நாடகத்துக்குள் என்ன நடக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

பிரதியை இரண்டு பத்தியாக அமையுங்கள். இடப்பக்கம் அச்சில் உள்ளபடி சீர் பிரித்த மூலம். வலப்பக்கம் பதம் பிரித்த வடிவம். பொருளை வலப்பக்கத்திலிருந்து வாங்கி, ஓசையை இடப்பக்கத்திலிருந்து வாங்க வேண்டும் என்பதை வாசிப்பவர்களுக்குத் தெளிவாகச் சொல்லிவிடுங்கள். ‘நிலமடந்தைக் கெழிலொழுகும்’ என்பதை ‘நிலமடந்தைக்கு, எழில், ஒழுகும்’ என்று விட்டுவிட்டுப் படித்தால் பொருள் தெரியும், ஆனால் ஓசை ஒடிந்துபோகும். ‘மடந்தைக் / கெழில்’ என்று நிறுத்தினால் கெழில் என்றால் என்ன என்று கேட்பவர் விழிப்பார். இரண்டையும் காப்பாற்ற ஒரு வழி உண்டு. ‘மடந்தைக்கெழில்’ என்று ஒரே மூச்சில் சேர்த்துச் சொல்லி, எகரம் வரும் இடத்தில் லேசாகக் குரலை ஊன்ற வேண்டும். இப்படிச் சேர்த்துச் சொல்ல வேண்டிய இடங்களை வலப்பக்கத்தில் சொற்களுக்கு அடியில் ஒரு வளைகோடு போட்டுக் காட்டுங்கள். சிறு நிறுத்தத்துக்கு ஒரு சாய்கோடு, பெரு நிறுத்தத்துக்கு இரண்டு. இதைத் தமிழ்ச் செய்யுள் பழகிய ஒருவர் முழு நாடகத்துக்கும் போட்டு, இன்னொருவர் சரிபார்க்க வேண்டும். ஆளுக்கு ஓர் அங்கம் என்று ஐந்து பேருக்குப் பிரித்துக் கொடுத்தால் ஐந்து விதமாக வரும்.

பிறகு பேச்சு எண். ஒவ்வொரு பாத்திரத்தின் ஒவ்வொரு பேச்சுக்கும் அங்கம், களம், வரிசை என்று மூன்று பகுதி எண் கொடுங்கள். 1-3-027 என்றால் முதல் அங்கம், மூன்றாம் களம், இருபத்தேழாவது பேச்சு. வரிசை எண்ணுக்கு மூன்று இலக்கம் வையுங்கள். இல்லாவிட்டால் கணினி 1, 10, 11, 2 என்று அடுக்கும். ஆசிரியப்பாவில் ஓரடியை இரண்டு பேர் பங்கிட்டுப் பேசும் இடங்களில் இரண்டு பேச்சுக்கும் ஒரு சிறப்புக் குறி போடுங்கள். அங்கே இடைவெளியே இருக்கக் கூடாது என்பது வாசிப்பவருக்கும் தொகுப்பவருக்கும் தெரிய வேண்டும்.

ஒவ்வொரு பேச்சின் ஓரத்திலும் இரண்டு தகவல் வேண்டும். யாரிடம் பேசுகிறார் என்பது ஒன்று. உணர்ச்சியின் அளவு, ஒன்று முதல் ஐந்து வரை, மற்றொன்று. முணுமுணுப்பு ஒன்று, சபை நடுவே முழங்குவது ஐந்து. தனித்தனியாகப் பதியும் நாடகங்களில் மிக அதிகமாகக் கெட்டுப்போவது இதுதான். ஜீவகன் கொலுமண்டபத்தில் இருப்பதாக நினைத்து உரக்கப் பேசியிருப்பார். குடிலன் பக்கத்தில் நின்று காதோடு சொல்வதாக நினைத்து மெல்லப் பேசியிருப்பார். இரண்டையும் ஒட்டினால் இருவரும் வேறு வேறு நாடகத்தில் இருப்பது போலத் தெரியும். ஒலி அளவை ஏற்றி இறக்கி இதைச் சரிசெய்ய முடியாது. முழங்கிய குரலைச் சின்னதாக்கினாலும் அது தூரத்தில் முழங்கும் குரலாகத்தான் கேட்கும்.

பெயர்களின் உச்சரிப்பை முதலிலேயே முடிவு செய்யுங்கள். புருடோத்தமனா புருஷோத்தமனா, ஜீவகனா சீவகனா, நடராஜனா நடராசனா? பதிப்புக்குப் பதிப்பு வேறுபடும். எது வேண்டுமானாலும் இருக்கலாம், ஆனால் எல்லோரும் ஒன்றையே சொல்ல வேண்டும். ஒருங்கிணைப்பாளர் எல்லாப் பெயரையும் இடப்பெயரையும் ஒருமுறை சொல்லிப் பதிந்து அனுப்பிவிட்டால் கேள்வியே எழாது. வட்டார ஒலிப்பை நான் திருத்தமாட்டேன். யாழ்ப்பாணத்தவர் ‘ற்ற’வைச் சொல்லும் விதமும் மதுரைக்காரர் சொல்லும் விதமும் வேறு, இரண்டும் தமிழ். ழ, ள, ல மட்டும் தெளிவாக இருக்க வேண்டும். செய்யுளில் பொருளே அதில்தான் நிற்கிறது.

அகவலை வாசிப்பது

நாடகம் பெரும்பாலும் நிலைமண்டில ஆசிரியப்பாவில், அதாவது அகவலில், ஓடுகிறது. எல்லா அடியும் நாற்சீர். வாசிப்பவர்கள் இரண்டு பக்கமும் வழுக்குவார்கள். ஒவ்வோர் அடியின் முடிவிலும் நிறுத்தினால் மனப்பாடச் செய்யுள் ஒப்பிப்பது போல ஆகிவிடும். பத்து நிமிடத்தில் கேட்பவர் தூங்கிவிடுவார். வசனம் போலக் கடகடவென்று ஓட்டினால் சுந்தரம் பிள்ளை எழுதிய பா காணாமல் போகும். பொருள் முடியும் இடத்தில்தான் நிறுத்தம். பொருள் அடுத்த அடிக்குத் தாவும்போது நிறுத்தாமல், அடியின் கடைசி அசையை மட்டும் இம்மியளவு நீட்டிவிட்டு மேலே போங்கள். அகவலோசை அதிலேயே நின்றுவிடும். மோனை வரும் சீர்களை வேண்டுமென்றே அழுத்த வேண்டாம், அவை தாமாகவே கேட்கும்.

நீண்ட தனிமொழிகள் இந்த நாடகத்தின் சொத்து. நடராஜன் நாங்கூழ்ப் புழுவை (மண்புழுவை) பார்த்து அதன் உழைப்பை வியந்து பேசும் பகுதியை அவசரமாக வாசித்தால் பாவம். இத்தகைய இடங்களை வாசிப்பவர் ஐந்தாறு அடிகள் கொண்ட துண்டுகளாகப் பிரித்து, ஒவ்வொரு துண்டிலும் சிந்தனை எங்கே திரும்புகிறது என்று குறித்துக்கொள்ள வேண்டும். குடிலனின் சூழ்ச்சிப் பேச்சுகளும் அப்படித்தான். அவனை வில்லன் குரலில் படித்தால் ஜீவகன் ஏன் அவனை நம்புகிறான் என்பதே புரியாது. அரசனிடம் பேசும்போது பரிவும் பணிவும் உள்ள குரல். தனக்குள் பேசும்போதுதான் உள்ளே இருப்பவன் வெளியே வர வேண்டும். தனக்குள் பேசுவதாகப் பிரதி குறிக்கும் இடங்களில், மைக்குக்கு ஒரு கையகலம் நெருங்கி, குரலைத் தாழ்த்திப் பேசினால் போதும். எதிரொலி முதலான வேலைகள் தேவையில்லை.

களத் தொடக்கத்தில் இடம், காலம் இரண்டையும் ஒரு விவரிப்பாளர் சொல்ல வேண்டும். பக்கத்திலேயே அச்சாகியிருக்கும் பாவகைப் பெயரைப் படிக்கக் கூடாது. யார் வருகிறார், யார் போகிறார் என்ற குறிப்புகளை நிகழ்கால வாக்கியமாக்கிச் சொல்லுங்கள்: “நாராயணன் வருகிறான்.” அரசவைக் களங்களில் ஆண் குரல்களே நிறைந்திருப்பதால் விவரிப்பாளர் பெண் குரலாக இருந்தால் காது உடனே பிரித்தறியும்.

பாத்திரம் கொடுப்பது

முதலில் எல்லோரிடமும் ஒரு நிமிட மாதிரிப் பதிவு வாங்குங்கள். குரலைவிட அறையைக் கேட்கத்தான் அது. மின்விசிறி, குளிர்பெட்டி, எதிரொலி, தெரு. சின்னச் சின்ன இரைச்சலைக் குறைக்கலாம், வெறுஞ்சுவர் அறையின் எதிரொலியை மட்டும் ஒன்றும் செய்ய முடியாது. இருபது களம் பதிந்து அனுப்பிய பிறகு அதைக் கண்டுபிடித்தால் யாருக்கும் மனம் வராது நிராகரிக்க.

பாத்திரவாரியாக அடிகளை எண்ணி அட்டவணை போடுங்கள். நிதானமாக வாசித்தால் நூறு அடிக்கு ஆறு நிமிடம் பிடிக்கும். அதைப் போல மூன்று மடங்கு நேரம் பதிவுக்கு ஆகும். இந்தக் கணக்கைச் சொல்லாமல் குடிலனையோ ஜீவகனையோ ஒருவர் தலையில் கட்டாதீர்கள். ஒன்றாக நெடுநேரம் பேசுகிறவர்களுக்கு வேறுபட்ட குரல் தேடுங்கள்: ஜீவகனும் குடிலனும், மனோன்மணியும் அவள் தோழி வாணியும். சேவகர், படைவீரர் போன்ற சிறு பாத்திரங்களை ஒருவரே இரண்டு மூன்று எடுக்கலாம், ஒரே களத்தில் சந்திக்காமல் இருந்தால் சரி.

முதன்மைப் பாத்திரக்காரர் மூன்று அங்கம் பதிந்துவிட்டு நான்காவதில் காணாமல் போவதுதான் இத்தகைய திட்டங்களுக்கு வரும் பெரிய ஆபத்து. வேலை மாற்றம், குழந்தை, தேர்வு, உடல்நலம், காரணம் எதுவானாலும் இருக்கலாம். அதனால் பெரிய பாத்திரங்களை அங்கம் அங்கமாக இழுக்காமல், ஆறு வாரத்துக்குள் முழுவதும் பதிந்துவிடச் சொல்லுங்கள். சின்னப் பாத்திரங்கள் காத்திருக்கலாம். ஜீவகனுக்கும் குடிலனுக்கும் மாற்றாள் ஒருவரின் பெயரைத் தொடக்கத்திலேயே குறித்து வையுங்கள்.

பதிவுக்கு முன் எல்லோரும் இணையக் கூட்டத்தில் கூடி, களத்துக்கு ஒருமுறை சேர்ந்து வாசிக்க வேண்டும். அந்தக் கூட்டத்தின் ஒலி தரம் குறைந்தது, வெளியீட்டுக்கு உதவாது. ஆனால் அதைப் பதிந்து அனுப்பினால், தனியாகப் பதியும்போது எதிராளி எந்தத் தொனியில் பேசினார் என்று கேட்டுவிட்டுப் பேசலாம். பாதிப் பிரச்சினை இதில் தீர்ந்துவிடும்.

வீட்டில் பதிவது

அறையில் மெத்தையும் துணியும் நிறைய இருக்கட்டும். துணி அடைத்த அலமாரியைத் திறந்து அதன் முன் உட்காருவது நல்லது. ஜமக்காளத்தையோ கனத்த போர்வையையோ முதுகுக்குப் பின்னால் தொங்கவிடுங்கள். பலரும் மைக்குக்குப் பின்னால் தொங்கவிடுவார்கள். பெரும்பாலான மைக்குகள் எதிரே இருப்பதைத்தான் கேட்கும். எதிரே இருப்பது நீங்களும் உங்கள் முதுகுக்குப் பின்னால் உள்ள சுவரும். எதிரொலி அங்கிருந்துதான் அதிகம் வருகிறது.

மின்விசிறி நிற்க வேண்டும், ஒன்றாம் எண்ணில்கூட ஓடக் கூடாது. குளிர்பதனமும் அப்படித்தான். வெயில் காலத்தில் இது கொடுமை. அதனால் இருபது நிமிடம் பதிவு, பத்து நிமிடம் காற்று என்று வைத்துக்கொள்ளுங்கள். காகம் எழுவதற்கு முன்னால் காலை ஐந்துக்குள், அல்லது இரவு பதினொன்றுக்குப் பின் நல்ல நேரம். கோயிலுக்குப் பக்கத்தில் வீடு என்றால் மார்கழிக் காலைகளை மறந்துவிடுங்கள்.

மைக்குக்கும் வாய்க்கும் ஒரு சாணுக்குச் சற்றுக் குறைவான தூரம். நேரே வைக்காமல், வாயின் ஓரத்துக்குச் சாய்வாக. “பாண்டியா” என்று முழங்கும்போது பகரம் வெடிப்பது இதில் அடங்கும். ஒலி அளவு, உச்சக் குரலில் மைனஸ் 6 டெசிபெலைத் தாண்டாமல், சாதாரணப் பேச்சில் மைனஸ் 12-ஐ ஒட்டி இருக்க வேண்டும். பேசுவதற்கு முன் அந்தக் களத்தின் மிக உரத்த பேச்சை ஒருமுறை சொல்லிப் பார்த்து அளவை அமைத்துக்கொண்டு, களம் முடியும்வரை அதைத் தொடாதீர்கள். அளவு மீறி ஒருமுறை முகடு வெட்டுப்பட்ட குரலை மீட்கவே முடியாது.

மைக் இல்லாவிட்டால் கைப்பேசியே போதும். விமானப் பயன்முறையில் போட்டு, சுருக்காத வேவ் கோப்பாகப் பதியும் செயலியைப் பயன்படுத்துங்கள். தானாக இரைச்சல் நீக்கும் அமைப்பு இருந்தால் அணைத்துவிடுங்கள். அது ஒவ்வொரு பேச்சின் கடைசி அசையையும் இரைச்சல் என்று நினைத்து விழுங்கும். அகவலில் நாம் நீட்டச் சொன்ன அசை அதுதான். புளூடூத் காதணியின் மைக்கில் பதியவே கூடாது, மேல் அலைவரிசை பாதி வெட்டுப்பட்டுத் தொலைபேசியில் பேசுவது போல வரும். வாட்ஸ்அப் குரல் செய்தியாக அனுப்புவதும் அதே கதி. கோப்பாக இணைத்தோ, இணையச் சேமிப்பகத்தில் ஏற்றியோ அனுப்பச் சொல்லுங்கள். 44.1 கிலோஹெர்ட்ஸ், 16 பிட், ஒற்றைத் தடம் என்றால் நிமிடத்துக்கு ஐந்து மெகாபைட் சொச்சம். தரம் குறையாமல் சுருக்கும் ஃபிளாக் வடிவில் ஏறத்தாழ அதில் பாதி.

பதிவின் தொடக்கத்தில் பேசாமல் முப்பது விநாடி விடுங்கள். அந்த அறையின் வெறும் ஒலி தொகுப்பவருக்கு இரண்டு வேலைக்குப் பயன்படும்: இரைச்சலை அடையாளம் காண, பேச்சுகளுக்கு நடுவே நிரப்ப. ஒவ்வொரு பேச்சுக்கும் இடையில் இரண்டு விநாடி அமைதி. தவறினால் நிறுத்த வேண்டாம். ஒருமுறை கைதட்டி, மூன்று விநாடி விட்டு, அந்த வாக்கியத்தின் தொடக்கத்திலிருந்து சொல்லுங்கள். தட்டிய இடம் அலை வரைபடத்தில் ஊசி போல நிற்கும்.

குறும்பேச்சுகளுக்குத் தனிக் கவனம் தேவை. “ஆம்”, “யார் அது?”, “நன்று” போன்றவற்றை வரிசையாகப் பதிந்தால், மளிகைச் சாமான் பட்டியல் படிப்பது போல ஒரே இறக்கத்தில் வரும். எதிராளியின் முந்தைய பேச்சை நீங்களே உரக்கச் சொல்லி, அதற்குப் பதிலாக உங்கள் சொல்லைச் சொல்லுங்கள். தொகுப்பவர் முன்பாதியை வெட்டிவிடுவார். இப்படி ஒவ்வொன்றையும் மூன்று விதமாகச் சொல்லி அனுப்பினால் இன்னும் நல்லது.

வெவ்வேறு நாளில் பதிந்தால் குரல் மாறும். ஜலதோஷம் பிடித்த நாள், காலைக் குரல், இரவுக் குரல். முதல் நாள் பதிவிலிருந்து அரை நிமிடத்தை வைத்துக்கொண்டு, ஒவ்வொரு முறையும் அதைக் கேட்டுவிட்டுத் தொடங்குங்கள். மைக்கும் நாற்காலியும் இருந்த இடத்தைத் தரையில் ஒட்டுத்தாளால் குறித்து வையுங்கள்.

கோப்பது

ஆடாசிட்டி என்ற ஒலித்தொகுப்பு மென்பொருள் இலவசம், இந்த வேலைக்கு அதுவே தாராளம். ஒரு மணி நேர நாடகத்துக்கு ஐந்தாறு மணி நேரத் தொகுப்பு வேலை என்று கணக்கு வையுங்கள். முதலில் ஒவ்வொருவர் கோப்பையும் தனியாகச் சுத்தம் செய்யுங்கள், சேர்த்த பிறகு செய்ய முடியாது. 80 ஹெர்ட்ஸுக்குக் கீழே வெட்டுங்கள். மின்சார ரீங்காரம் இருந்தால் 50, 100, 150 ஹெர்ட்ஸில் இருக்கும். அந்தப் புள்ளிகளை மட்டும் குறையுங்கள். இரைச்சல் நீக்கத்தை 6 முதல் 9 டெசிபெலோடு நிறுத்திக்கொள்ளுங்கள். அதற்கு மேல் போனால் குரல் தண்ணீருக்குள்ளிருந்து வருவது போலக் குமிழியிடும். சிறிது இரைச்சல் இருப்பது அதைவிட எவ்வளவோ மேல்.

பிறகு எல்லோரையும் ஒரே சராசரி உரப்புக்குக் கொண்டுவாருங்கள். ஒற்றைத் தடப் பேச்சுக்கு மைனஸ் 19 எல்.யூ.எஃப்.எஸ். (உரப்பை அளக்கும் அலகு) நன்றாக இருக்கிறது. இதை ஒரு பாத்திரத்தின் முழுக் களத்துக்கும் ஒரே அளவாகச் செய்ய வேண்டும். பேச்சுக்குப் பேச்சு செய்தால் முணுமுணுப்பும் முழக்கமும் சமமாகி, வாசித்தவரின் உழைப்பு வீணாகும்.

இடைவெளிதான் நாடகம். சாதாரண உரையாடலில் பேச்சுக்கும் பேச்சுக்கும் அரை விநாடி. வாக்குவாதத்தில் கால் விநாடிக்கும் குறைவு. பங்கிட்ட அடியில் சுழியம். ஒருவர் போன பிறகு தனிமொழி தொடங்குமுன் ஒன்றரை விநாடி. முதலில் எல்லாவற்றையும் அரை விநாடியில் அடுக்கிவிட்டு, கண்ணை மூடிக்கொண்டு கேட்டு மாற்றுங்கள். திரையைப் பார்த்துக்கொண்டே இருந்தால் எல்லா இடைவெளியும் சரியாகத்தான் தோன்றும். இடைவெளியில் முழு அமைதியை வைத்தால் ஒவ்வொரு பேச்சுக்கும் அறை திறந்து மூடுவது காதில் விழும். ஒருவருடைய அறை ஒலியை எடுத்துக் களம் முழுவதும் மெல்லிதாக அடியில் ஓடவிடுங்கள்.

போர்க்களத்துக்கு வாள் ஓசை, குதிரைக் குளம்படி சேர்க்க ஆசை வரும். வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து. சொல்லாலேயே எல்லாவற்றையும் எழுப்பிக் காட்டும் நாடகத்தில் கடனுக்கு வாங்கிய ஓசை அந்தச் சொல்லை அமுக்கிவிடும். நாடகத்துக்குள் வரும் கிளைக்கதையான சிவகாமி சரிதம் பாடலாக வருவதால் அதை மட்டும் ஒருவர் எளிய, சொந்த மெட்டில் பாடலாம். சுருதிப்பெட்டி போதும்.

சரிபார்ப்பது

இரண்டு பேர் வேண்டும். ஒருவர் மூலத்தைக் கையில் வைத்துக்கொண்டு சொல்லுக்குச் சொல் கேட்பார். மற்றவர் நாடகத்தைப் படிக்காதவராக இருக்க வேண்டும், பிரதி இல்லாமல் கேட்டு, எங்கே யார் பேசுகிறார் என்று தெரியவில்லை, எங்கே பொருள் புரியவில்லை என்று மட்டும் குறிப்பார். இந்த இரண்டாமவரின் குறிப்பே மதிப்பு மிக்கது. குறிப்பு இப்படி இருக்கட்டும்: பேச்சு எண், நிமிடம், விநாடி, கேட்டது, இருக்க வேண்டியது. “குடிலன் இன்னும் நன்றாகப் பேசியிருக்கலாம்” என்பது குறிப்பாகாது, தன்னார்வலரைத் துரத்தும் வழி அது.

அடி விட்டுப்போனாலும் பொருள் மாறினாலும் சீர் கெட்டாலும் மறுபதிவு கேளுங்கள். வசன நூலில் ‘என்று’ ‘என’ ஆனால் விட்டுவிடலாம். இங்கே ஓர் அசை கூடினாலே அடி நொண்டும். திருத்தங்களைக் களம் களமாகக் கேட்காமல், பாத்திரத்துக்கு ஒரே பட்டியலாகச் சேர்த்து அனுப்பினால் அவர் ஒரே இருப்பில் முடித்துவிடுவார். மறுபதிவோடு முப்பது விநாடி அறை ஒலியும் மறுபடி வாங்குங்கள்.

வெளியீட்டுக்குக் களத்துக்கு ஒரு கோப்பாக, 128 கேபிபிஎஸ் எம்பி3, நிமிடத்துக்கு ஒரு மெகாபைட்டுக்குள் வரும். இணைய ஆவணக் காப்பகத்தில் (archive.org) ஏற்றி, ஒவ்வொரு பாத்திரத்துக்கும் வாசித்தவர் விரும்பும் பெயரைப் போடுங்கள். பதம் பிரித்த வாசிப்புப் பிரதியையும் உடன் ஏற்றுங்கள். பள்ளி, கல்லூரி மாணவர்கள் பதிவைவிட அதையே அதிகம் தேடக்கூடும். ஒட்டுவதற்கு முந்தைய, சுத்தம் செய்த தனித்தனிப் பாத்திரக் கோப்புகளையும் ஆடாசிட்டித் திட்டக் கோப்புகளையும் இரண்டு இடத்தில் சேமித்து வையுங்கள். ஐந்து ஆண்டு கழித்து இன்னும் நல்ல ஜீவகன் ஒருவர் கிடைத்தால், அவர் குரலை மட்டும் மாற்றி நாடகத்தை மறுபடி வெளியிடலாம்.